தூசி வடக்கே போனது

பி.காம் படிக்கிற யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், 'நீடித்த வளர்ச்சி'க்கு 1987-ல் புருண்ட்லாண்ட் குழு கொடுத்த விளக்கம் வந்து விழும். வருங்காலத் தலைமுறைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது... ஐந்து மார்க் நிச்சயம்! அந்த விளக்கத்தில் 'வருங்காலம்' இருக்கிறது, 'பக்கத்து ஊர்' இல்லை. வடசென்னையில் சிக்கலே அதுதான்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் குவிந்து கிடந்த காலத்தில் ராயபுரம் பக்கம் தூசிக்குக் குறைவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இரண்டையும் அக்டோபர் 1 முதல் எண்ணூருக்கு மாற்ற வேண்டும் என்று 2011 மே மாதம் தீர்ப்பு வந்தது. தீர்ப்பில் தப்பு சொல்ல முடியாது. அனல்மின் நிலைய நிலக்கரியை மனதில் வைத்துக் கட்டி 2001-ல் திறந்த துறைமுகம் அது (இப்போது காமராஜர் துறைமுகம்). கரியைக் கொண்டுபோக கன்வேயர் பெல்ட் உண்டு.

ஆனால் எண்ணூர் ஒன்றும் காலி மனை இல்லையே! கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற குப்பங்கள் இருக்கின்றன. வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பல், தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தால் சாம்பல் ஆற்றில். வருஷக்கணக்கில் இப்படிப் படிந்து படிந்து ஆறு மேடாகிவிட்டது.

அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், பழைய குழாயை மாற்றுவது செலவு. மாற்றாமல் தள்ளிப்போட்டால் அந்த வருஷக் கணக்கில் அவ்வளவு மிச்சம். செலவு மறைந்துவிடவில்லை, ஒரு மீனவர் வீட்டுக் கணக்கில் போய் ஏறியிருக்கிறது. அவருக்கு ஆடிட்டர் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது வாளியில் அள்ளினார்கள். 2023-லும் மீனவர்கள் கையில் மக்கும் வாளியும்தான்!

தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, பாதித்த 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. அந்த நிதியாண்டில் (2023-24) அந்த நிறுவனத்தின் நிகர லாபம் 2,700 கோடிக்கு மேல். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே, நம்மூர் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், சொல்லிவிட்டது. 2022-23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் செபி விதிப்படி நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தோம் என்பதற்கு அதில் கட்டம் உண்டு. குப்பத்தில் எத்தனை நாள் தொழில் போனது என்பதற்கு இல்லை.

இத்தனைக்கும் வழி பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வாராக்கடன் வரும் முன்பே லாபத்திலிருந்து ஒதுக்கு வைக்கிறார்கள் அல்லவா? ஆற்றுக்கும் அப்படி ஒரு ஒதுக்கு வருஷா வருஷம் கட்டாயமானால், குழாயை மாற்றுவதே மலிவு என்று கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.