போடியில் ஒரு பகல்

சுற்றிப் பார்க்க போடிநாயக்கனூரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மறுபடி போடி வரை வருகிறது. இறங்கினால் எதிரே மலை.

ஜமீன் அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களுக்காக மட்டுமே ஒருமுறை வரலாம். ஆனால் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம். முறத்தைச் சாய்த்து, வெடித்த காய், வெளுத்த காய் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள் பெண்கள். பேச்சு ஒருபக்கம் ஓடுகிறது, விரல்கள் தவறுவதே இல்லை. அந்தக் கைகளுக்கு இன்னும் நல்ல கூலி கிடைக்க வேண்டும்.

மதியம் மலையடிவாரத்துக் குரங்கணி கிராமம். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் இந்தப் பக்கம் இறங்கி, போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே இன்று ஸ்டேஷன் என்ற பேர் மட்டும்தான்.

போகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் மலையேறாதீர்கள். 2018 மார்ச் காட்டுத்தீயில் உயிர்கள் போனது இங்கேதான்.