உம்மம்மாவின் கஞ்சிக் கணக்கு



உம்மம்மா மௌத்தான ஆண்டின் முதல் நோன்பன்று, மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் அருந்தி, கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தோம். ஒரு வாய் குடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவர்களாகிய நாங்கள் வாய் திறக்கவில்லை. அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த கடைசித் தம்பிதான், "இது உம்மம்மா கஞ்சி இல்லை" என்று சொல்லிவிட்டான். உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

அது 2014, ஹிஜ்ரி 1435. ஷஅபான் பிறை எட்டில் உம்மம்மாவை அடக்கம் செய்திருந்தோம். ரமளானுக்கு மூன்று வாரங்களே மீதமிருந்தன. பேரப்பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர், சென்னையிலும் துபாயிலுமாகச் சிதறிக் கிடந்தவர்கள், அந்த நோன்பை மட்டும் காயல்பட்டினத்து வீட்டிலேயே கழிப்பது என்று முடிவு செய்திருந்தோம். உம்மாவைத் தனியே விட மனமில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உண்மையில், அந்த வீட்டைத் தனியே விடத்தான் மனமில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீடு உம்மம்மாவின் உம்மாவிடமிருந்து உம்மம்மாவுக்கும், அவரிடமிருந்து எங்கள் உம்மாவுக்கும் வந்தது. அதன் அடுப்படியில் வேறொருவர் கைப்பக்குவத்தில் நோன்புக் கஞ்சி கொதித்ததை நாங்கள் கண்டதே இல்லை.

மறுநாள் முதல் கஞ்சி ஆராய்ச்சி தொடங்கியது. கணக்கர் வேலை பார்க்கும் பெரிய காக்கா தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உம்மாவின் அருகில் உட்கார்ந்தார். உம்மம்மா எதையும் அளந்து போட்டவர் அல்லர். கண்ணும் கையும்தான் அவருக்குத் தராசு. அந்தக் கையளவை எல்லாம் தராசில் வைத்துக் காக்கா எழுதிய கணக்கு இது: இருபது கோப்பைக் கஞ்சிக்குப் பச்சரிசி நொய் அரைக் கிலோ, பாசிப்பருப்பு 100 கிராம், வெந்தயம் இரண்டு தேக்கரண்டி, கொத்துக்கறி கால் கிலோ, முழுப் பூண்டு இரண்டு, ஒரு பெரிய தேங்காயின் பால், தண்ணீர் ஐந்து லிட்டர். எண்ணெயும் சிறிது நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை இலை. பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு அரைத்தது, பச்சை மிளகாய், தக்காளி, மல்லி, புதினா. கறி அதில் வதங்கி நிறம் மாறிய பின்பே தண்ணீர். கொதி வந்த பின்பே நொய்யும் பருப்பும் வெந்தயமும் உரித்த பூண்டும். அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் துழாவலுக்கு மட்டும் அளவு எழுதக் காக்காவாலும் முடியவில்லை. இரண்டாம் பால் கொதியில் சேரும். முதற்பால் அடுப்பை அணைக்கும் தருவாயில்தான். அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

இத்தனையும் உம்மாவுக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளாக அருகில் நின்று செய்தவர்கள். ஆயினும் சுவை வரவில்லை. சாச்சி, விறகடுப்பில் வைக்காததுதான் காரணம் என்றார். மச்சி, ஈயம் பூசிய செம்புப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டதே காரணம் என்றார். தென்னை மட்டை எரித்துப் பார்த்தோம். பானையை இறக்கிப் பார்த்தோம். கஞ்சி நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் நாக்கு தேடியது அங்கே இல்லை. பதினைந்தாம் நோன்புக்குப் பிறகு யாரும் அது பற்றிப் பேசுவதில்லை என்று பேசாமலே உடன்பாடு செய்துகொண்டோம். பெருநாள் முடிந்ததும் அவரவர் ஊருக்குப் புறப்பட்டோம்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவது, அன்று சமைத்து அனுப்புவது பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. இரு தரப்பும் உரத்தே பேசும். அதை இங்கே கிளறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நாங்கள் சொல்ல வந்தது வேறு.

அடுத்த ஆண்டு ரமளானுக்கு முன்பாக வீடு கழுவும்போது, பரணில் அந்தச் செம்புப் பானைக்கு அருகே, நெகிழிப் பையில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. திறந்தால் பக்கம் பக்கமாக உம்மம்மாவின் கையெழுத்து. அரபுத் தமிழ். எங்கள் தலைமுறைக்கு அது விநோதமான பொருள்: எழுத்து அரபி, மொழி தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதலாகப் புள்ளியிட்டிருப்பார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானீ' போன்ற மார்க்க நூல்களை அந்தக் காலத்துப் பெண்கள் அந்த எழுத்தில்தான் படித்தார்கள். உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்தில் தம் பெயரை எழுதுவதற்கு மேல் வராது. அதனால் அவருக்கு எழுதத் தெரியாது என்றே நாங்கள் வெளியில் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குர்ஆன் ஓதத் தெரிந்த, தமிழில் பட்டம் வாங்கியவர்களும் உள்ள எங்களால் அதில் ஒரு வரியைச் சரளமாகப் படிக்க முடியவில்லை. எழுத்தும் தெரியும், மொழியும் தெரியும். இரண்டும் ஒன்றாய் வந்து நின்றபோது நாங்கள்தான் எழுத்தறியாதவர்கள் ஆனோம்.

கஞ்சிக் குறிப்பு கிடைத்துவிட்டது என்றே நம்பினோம். ஏனெனில் தட்டுத்தடுமாறிப் படித்ததில் 'கஞ்சி' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. பெரியும்மாவை அழைத்து வந்தோம். சிறு வயதில் அந்த எழுத்தை ஓதிப் படித்தவர்களில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார்.

அது சமையல் குறிப்பு அன்று. ஆண்டுதோறும் ரமளானில் எந்தெந்த வீட்டுக்கு எத்தனை அகப்பைக் கஞ்சி போக வேண்டும் என்ற கணக்கு. மோதினார் வீடு, நான்கு. முடுக்கு முனையில் தனியாக இருக்கும் பெண், மூன்று. அவருக்குப் பல் இல்லை, நன்றாகக் குழைய வேண்டும். டீச்சர் வீடு, இரண்டு; கறி சேராமல் சிறு பானையில் தனியாக. ஒருவர் மௌத்தானால் அந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் மகள் பெயரையோ மருமகள் பெயரையோ எழுதியிருந்தார். பதினொரு வீடுகள். பத்து வீடுகளுக்குச் சிறு வயதில் நாங்களே தூக்குவாளி சுமந்திருக்கிறோம். எங்கள் ஊரின் முடுக்குகளில், பெண்கள் மட்டும் நடமாடும் அந்தக் குறுகிய சந்துகளில், கஞ்சி தளும்பிக் காலில் கொட்டிய தழும்பு இன்னும் ஒருவருக்கு இருக்கிறது.

பதினோராவது வீட்டைப் பெரியும்மா கடைசியாகத்தான் வாய்விட்டுப் படித்தார். ஆனால் நோட்டில் அது எல்லாப் பக்கத்திலும் முதல் வரி. 'தங்கச்சி வீடு, ஐந்து, முதலில்.'

உம்மா நோட்டை வாங்கி மூடிவிட்டார்கள்.

உம்மம்மாவின் தங்கை வீடு எங்கள் வீட்டை ஒட்டியது. ஒரே வீடாக இருந்து இரு பெண்மக்களுக்காகப் பிரிந்தது. 1989ஆம் ஆண்டு, இரு வீட்டுக்கும் பொதுவான முடுக்கு யாருக்கு என்பதில் வழக்கு மூண்டு, நடுவில் தோளுயரத்துக்கு ஒரு சுவர் எழுந்தது. அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. உம்மம்மாவின் மையித்தைப் பார்க்க அந்தத் தங்கை வந்தார், மூலையில் நின்றார், பெண்கள் கூட்டம் விலகும் முன்பே போய்விட்டார். உம்மா அவரிடம் ஸலாம் சொல்லவில்லை. சாச்சி என்று அழைத்திருக்க வேண்டியவர்.

"முடுக்கை அடைத்தவர்கள் அவர்கள்" என்றார்கள் உம்மா.

"சுவர் கட்டினது அவ மாப்பிள்ளை. கஞ்சி குடிச்சது அவ" என்றார் பெரியும்மா. "உனக்குத் தெரியாதாக்கும்?"

உம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தைந்து ரமளான்களாக, அஸருக்குப் பின் எங்களை எல்லாம் தூக்குவாளிகளோடு தெருவுக்கு அனுப்பிவிட்டு, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிய ஒரு வாளியை உம்மம்மா தாமே எடுத்துச் சென்று அந்தச் சுவரின் மேல் வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அதை எடுத்துக்கொள்ளும். பேச்சு இல்லை. மறுநாள் வாளி சுவர் மேல் இருக்கும். வெறும் வாளியாக ஒரு நாளும் திரும்பியதில்லை. பெரியும்மா சொல்லி முடித்ததும் நாங்கள் கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். சுவரின் மேற்பூச்சில் ஒரு வட்டமான கறை. அதன் மேல் கைலி உலர்த்தியிருக்கிறோம், ஏறி உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறோம். அது என்ன கறை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்று இரவு எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு செய்தியை ராத்தா நினைவூட்டினார். கதீஜா (ரலி) அவர்களின் மறைவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்பும், நபி (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால் அதன் துண்டுகளைக் கதீஜாவின் தோழிகளுக்கு அனுப்பி வைப்பார்கள். அதை அறிவிப்பவர் ஆயிஷா (ரலி) அவர்கள். தாம் பார்த்தேயிராத கதீஜாவின் மீது தமக்கு எழுந்த ரோஷத்தையும் மறைக்காமல் சொல்கிறார்கள். இந்தச் செய்தியைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கணவரின் அன்புக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே கேட்டிருக்கிறோம். இறந்தவரின் உணவுப் பங்கு யார் யாருக்குப் போய்க்கொண்டிருந்ததோ அவர்களுக்குத் தொடர்ந்து போனது என்ற கோணத்தில் அன்றுதான் கேட்டோம். ஓராண்டாக நாங்கள் வெந்தயத்தையும் விறகையும் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். போன நோன்பில் பதினொரு வீட்டில் ஒன்றுக்கும் வாளி போகவில்லை. துக்க வீடு என்பதால் கேட்கவும் யாரும் வரவில்லை.

பத்து வீடுகளைப் பற்றி உம்மாவுக்கு மறுப்பில்லை. பதினோராவது பற்றி நாங்கள் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். வற்புறுத்தவும் எங்களுக்குத் துணிவில்லை. அந்தச் சுவர் எழுந்தபோது வாசலில் நின்று பேச்சு வாங்கியவர்கள் உம்மா. நாங்கள் பிறக்காதவர்கள், அல்லது கைக்குழந்தைகள். மன்னிக்கச் சொல்வது எங்களுக்கு எளிது.

2015 ரமளான் முதல் நோன்பு. உம்மா லுஹர் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினார்கள். அஸருக்குப் பின் நாங்கள் ஒவ்வொரு வாளியாக நிரப்பிக் கொடுத்து அனுப்பத் தொடங்கினோம். திரும்பிப் பார்த்தால் கொல்லைப் படியில் சிவப்பு நூல் வாளி மூடியிட்டு இருந்தது. நாங்கள் பானையில் அகப்பை வைப்பதற்கு முன்பே அது நிரம்பியிருக்க வேண்டும். "ஆறிப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உம்மா புதினாவை ஆயத் தொடங்கினார்கள். புதினா அன்றைக்குத் தேவையே இல்லை.

தம்பியும் நாங்கள் இருவருமாகப் போய் அந்த வட்டத்தின் மேல் வாளியை வைத்தோம். காத்திருந்தோம். கை வரவில்லை. ஓராண்டு எதுவும் வராத சுவரை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? திரும்பி எடுத்துச் செல்வதா, அங்கேயே விட்டுப் போவதா என்று விளங்காமல் நின்றபோது, தம்பி எக்கி நின்று, "உம்மம்மா!" என்று கூப்பிட்டுவிட்டான். உறவு முறைப்படி அவன் அழைத்தது சரிதான். ஆனால் ஓராண்டாக அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் விளிச்சொல்லாகச் சொல்லியிருக்கவில்லை.

"யாரது?"

எங்களில் மூவருக்கும் உடல் சிலிர்த்தது. அது உம்மம்மாவின் குரல். அதே கரகரப்பு, இரண்டாம் அசையில் அதே இழுப்பு. கதீஜாவின் சகோதரி ஹாலா (ரலி) அவர்கள் வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்களுக்குக் கதீஜா அனுமதி கேட்கும் விதம் நினைவுக்கு வந்து நெகிழ்ந்தார்கள் என்ற செய்தியும் அதே புகாரியில்தான் இருக்கிறது. அதை ராத்தா பிறகுதான் சொன்னார். சுவரருகே நின்ற நேரத்தில் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வளையல் போட்ட, சுருங்கிய கை ஒன்று மேலே வந்து வாளியைத் தடவியது. நூலைத் தொட்டதும் அப்படியே நின்றது.

"போன வருசம் வரலை" என்றது குரல். "அவளே போயிட்டா, இனி எங்கே வரப்போகுதுன்னு இருந்துட்டேன்."

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வாளி அந்தப் பக்கம் இறங்கியது.

மறுநாள் அஸருக்கு முன்பே அது சுவர் மேல் இருந்தது, கனமாக. அவர் வீட்டுக் கஞ்சி. ஒரே தாயிடம் ஒரே அடுப்படியில் பழகிய இரண்டு கைகள் என்பது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மஃரிபுக்குப் பின் ஆளுக்குக் கால் கோப்பை ஊற்றிக் குடித்தோம். தம்பி உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.

உம்மா தம் கோப்பையை முடித்தார்கள்.

"உப்புக் குறைவு" என்றார்கள். பிறகு வாளியைத் தம் பக்கம் இழுத்து, மீதியிருந்ததை வழித்து ஊற்றிக்கொண்டார்கள்.