கூட்டாமல் விட்ட மூலை

பறவைகளை வீட்டுக்கு வரவழைப்பது எப்படி என்று கேட்டால், ஒரு பிடி அரிசியை இறைத்தால் போயிற்று என்பார் பலர். அல்வாலில் அதைச் செய்து பாருங்கள். திமுதிமுவென்று வந்து இறங்குவது மாடப்புறாக் கூட்டம். ஐதராபாத்தில் புறாவுக்கா பஞ்சம்? அந்தப் படை இறங்கிய முற்றத்தில் தேன்சிட்டுக்கு என்ன வேலை!

நான் குடியிருப்பது அல்வால் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரத்தில், ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டு அறையில். வீட்டுக்கார அம்மா தமிழர். பாட்டனார் காலத்தில் சிக்கந்தராபாத் கண்டோன்மென்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். முற்றத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, செம்பருத்தி, கிணற்றடியில் ஆடாதோடை. அவ்வளவுதான். அல்வால் 2007இல் பெருநகர மாநகராட்சியோடு சேர்ந்தது. எங்கள் தெருவில் இன்று மண் தெரியும் முற்றங்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம்.

இந்த நாட்டுப் பறவைகளை முறையாக ஆராய்ந்தவர் சாலிம் அலி. நிஜாம் ஆட்சியில், 1931-32இல், ஐதராபாத் சமஸ்தானம் முழுவதும் சுற்றி அவர் எழுதிய குறிப்புகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தன. அவர் காடு மேடெல்லாம் அலைந்தார். நமக்கோ வகுப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. பறவைதான் நம்மைத் தேடி வரவேண்டும். வருமா? வரும். ஆனால் அது கேட்கும் விருந்து நாம் நினைக்கும் விருந்தன்று.

தேன்சிட்டு பூவின் தேனைக் குடித்து வாழ்கிறது என்று பள்ளியில் படித்தோம். பாதிதான் அது. அதன் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். தொங்கும் கூட்டைக் கட்டச் சிலந்தி நூல் வேண்டும். தையல்சிட்டும் அப்படியே. இலைகளைச் சேர்த்துத் தைக்கப் பஞ்சும் நாரும் சிலந்தி நூலும் தேடி அலைகிறது. நாமோ ஒட்டடைக் கோலும் பூச்சிமருந்துமாக நிற்கிறோம்! பூச்சி இல்லாத தோட்டம் பறவைக்குப் பாலைவனம். செம்பருத்தி எத்தனை பூத்தாலென்ன?

அம்மாவிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கிணற்றுக்குப் பின்னால் பத்தடி இடத்தைக் கூட்டாமல் விடவேண்டும். “குப்பையைச் சேர்க்கவா படிக்கிறாய், தம்பி?” என்றார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். இலைச்சருகு மக்கத் தொடங்கியதும் தவிட்டுக்குருவிகள் வந்தன. ஏழெட்டாகச் சேர்ந்து, சந்தைக் கூச்சலோடு சருகைப் புரட்டும். பிறகு குண்டுக்கரிச்சான் ஒன்று, கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக, விடியற்காலையில் பாட வந்தது. கறிவேப்பிலை பழுத்தபோது கொண்டைக்குருவிகளும் குயிலும் போட்டி போட்டன. பழம் பழுக்கவேண்டுமானால் நுனிப்பூவைக் கிள்ளக்கூடாது. ரசத்துக்கு இலை பறிப்பவர்கள் இதைக் கவனிக்க.

கோடையில் தண்ணீர் வேண்டும். வாயகன்ற மண்சட்டி போதும், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். பூனை பதுங்க இடமில்லாத மேட்டில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் கொசுவும் பிறக்காது.

இவ்வளவும் எளிது. கடினமாக இருந்தது முருங்கை. அதில் ஒரு கொம்பு பட்டுப்போய், சுவரின் பக்கம் நீண்டிருந்தது. தை மாதத்தில் ஒரு நாள் அதன் அடிப்புறத்தில் வட்டமாக ஒரு துளை கண்டேன். செம்மார்புக் குக்குறுவான்! செம்பு தட்டுவதுபோல ‘டொக், டொக்’ என்று ஓயாமல் கத்துமே, அதுதான். அரசம்பழமும் அத்திப்பழமும் தின்னும் பறவை. பச்சை மரத்தைக் குடைய அதற்கு வலுவில்லை. மெத்தென்று உளுத்த கட்டைதான் வேண்டும். நகரத்தில் பட்ட கொம்பை விட்டுவைப்பவர் யார்?

“பட்ட கொம்பு வீட்டுக்கு ஆகாது. காற்றடித்தால் ஓட்டின் மேல்தான் விழும்,” என்றார் அம்மா. அவர் அச்சம் பொய்யன்று. முருங்கை முறியும் மரம். போதாக்குறைக்கு, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும் மரம் என்ற பழைய பகையும் உண்டு. அடியோடு வெட்டிவிடலாம் என்று அவர் மகன் அரிவாளைத் தேடினான். சுடலைக்குயில் கம்பளிப்பூச்சியைத் தின்னும், மழையோடு அது வரும் என்றேன். “வரட்டும், பார்க்கலாம்,” என்றான் சிரித்துக்கொண்டே. பேச்சில் தீராததைக் கயிறு தீர்த்தது. கொம்பை அடிமரத்தோடு இழுத்து இரண்டு இடத்தில் கட்டினோம். பங்குனியில் தாயும் தந்தையும் மாறிமாறி இரை கொண்டுபோவதை அம்மா முறத்தோடு உட்கார்ந்து பார்த்தார். அரிசியில் கல் இருந்ததை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆனால் வரும் தைக்குப் பிறகு அந்த வீடு இராது. அடுக்குமாடி எழுப்ப ஒப்பந்தம் ஆகிவிட்டது. அளவெடுக்க வந்தவர்கள் முருங்கையின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சட்டியில் தண்ணீர் ஊற்றியது மட்டும் நானல்ல.

முருங்கைக்கு விதை வேண்டியதில்லை. கைப்பருமனான போத்தை வெட்டி நட்டாலே துளிர்க்கும். இடிப்பதற்கு முன் ஆறேழு போத்துகள் வெட்டித் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். மண் தெரியும் இடம் உள்ளவர்கள், மாணவர் விடுதிப் பின்புறமானாலும் சரி, சங்க அறையில் பெயர் கொடுங்கள். சுமந்து வர நான் இருக்கிறேன்.