ஏடு இரண்டு, எழுத்து ஒன்று

விழா மலருக்கு யாதானும் வரைந்து தருக என மலர்க் குழுவினர் பணித்தனர். கல்லூரி அன்னையின் புகழ்பாட வல்லார் பலர் உளர். யானோ கணினிப் பணியாளன். ஆகவே, வன்னியில் யான் இழைத்த பிழையொன்றை இளைய மாணாக்கர் பயன் கருதி ஈண்டு உரைக்கலானேன்.

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், மீளக்குடியமர்ந்த மக்களின் காணிப் பத்திரங்களைப் படமெடுத்துப் பேணும் அலுவலகமொன்றிலே கடமையாற்றினேன். கிளிநொச்சியில் ஒரு வழங்கிக் கணினி; வவுனியாவில் மற்றொன்று. முன்னதில் எழுதப்படுவது உடனே பின்னதிலும் எழுதப்படும். ஒரு கணினியுள்ளேயே இரு வன்தட்டுக்களை உருவும் நிழலும்போல் வைக்கும் முறையை, பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் கலிபோர்னியா அறிஞர் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் முதலாம் படியென வகுத்தனர். அதனையே இரு கணினிகளுக்கிடையே நிகழ்த்துவது, வியன்னா நகரத்துப் பிலிப் றைஸ்னர் தொடக்கிய டி.ஆர்.பி.டி. என்னும் மென்பொருள்.

இடையிலே தொடர்பு அறுந்தால் என்னாகும்? அம்மென்பொருள் தட்டினை 4 கிலோபைற்றுத் துண்டுகளாகக் கணக்கிட்டு, மாறிய துண்டுக்கெல்லாம் ஓர் அடையாளப் புள்ளி இட்டு வைக்கும். தொடர்பு மீண்டதும் புள்ளியிட்ட துண்டுகள் மாத்திரம் பிரதி செய்யப்படும். ஒரு ரெறாபைற்றுத் தட்டுக்கு இப்புள்ளிக் கணக்கு 32 மெகாபைற்றுள் அடங்கிவிடும்.

ஒரு மாரிகாலத்தில் இணைப்பு இரண்டு நாள் அறுந்தது. எமது கணினி பழுதுற்றதென எண்ணிய வவுனியா அன்பர்கள் தம் பிரதியையே முதற்பிரதியாக்கிப் பதியத் தொடங்கினர். நாமும் பதிந்தவண்ணம் இருந்தோம். இணைப்பு மீண்டபோது, இரு பிரதிகளும் வேறுபட்டமை கண்ட பொறி, இணைய மறுத்து நின்றது. எப்பக்கத்து மாற்றங்களைக் கைவிடுவது என்பதை யானே கூறவேண்டியிருந்தது. இரண்டையும் முதலில் புறம்பே பிரதிசெய்து வைத்திருத்தல் வேண்டும். அவசரத்தால் அது செய்திலேன். வவுனியாவின் கடைசிப் பதிவு சிறிது பிந்தியது என்பதொன்றையே நோக்கி, கிளிநொச்சியின் மாற்றங்களைக் கைவிடுமாறு கட்டளையிட்டேன். எமது இரண்டு நாள் உழைப்பு அழிந்தது.

எம் இலிகிதர் ஐயா கையால் எழுதிவந்த நாளேடு வந்தோர் பெயர்களைக் காத்துத் தந்தது. அதனைக் கொண்டு வீடுவீடாகச் சென்றேன். மூதாட்டி ஒருவர் பொலித்தீன் உறையிலிருந்து தம் பத்திரத்தை மீண்டும் எடுத்து நீட்டினார். "முள்ளிவாய்க்கால் மட்டும் கொண்டுபோய்க் கொண்டு வந்தனான், தம்பி. உங்களாலை இரண்டு நாள் வைச்சிருக்க ஏலாமப் போச்சோ?" என்றார். விடை கூற நாவெழவில்லை.

சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை அன்று நினைந்தேன். பிரதிகள் தம்முள் மாறுபட்டால் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்தலே பதிப்பாசிரியர் முறை. ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை நம்புதல் அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏடுகள் என்றைக்குமாய் மறைந்தன. பிரதி வேண்டும் என்பதை அந்நெருப்பு உணர்த்தியது. பிரதி மாத்திரம் போதாது என்பதை என் பிழை உணர்த்தியது. உருவில் அழிந்தது நிழலிலும் அழியும். ஆதலின் நாள்தோறும் தனியே எடுத்து வேறிடத்தில் வைக்கும் மூன்றாவது பிரதியும் வேண்டும்.

இன்று எவ்விணைப்பு அறுந்தாலும், கட்டளையிடுமுன் என் கை சற்றே தாமதிக்கும். அத்தாமதத்தைக் கற்பித்தவர் அம்மூதாட்டியாரே.