என் முழங்காலும் நண்பரின் இடுப்பும்

துறைமுகத்தில் 31 வருடம் வேலை பார்த்தேன். கப்பல் ஏணியில் ஏறி இறங்கிய கால்கள், ஓய்வு பெற்ற மறு வருடமே முரண்டு பிடிக்க ஆரம்பித்தன. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "குருத்தெலும்பு தேய்ஞ்சிருக்கு சார். அதுக்காக உட்கார்ந்துடாதீங்க. நடக்காம இருந்தா தொடைச் சதை வத்திப்போய், மூட்டுதான் முழுப் பாரத்தையும் சுமக்கும்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்கச் சொன்னார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறையுமாம். மூன்று மாதத்தில் ரோச் பூங்கா வரை போய்வர முடிந்தது.

அந்தப் பெருமையில்தான் ஒரு தப்புச் செய்தேன்.

திரேஸ்புரத்தில் எனக்கொரு நண்பர் உண்டு. சங்கு குளிக்கிறவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒருநாள், "அண்ணாச்சி, இடுப்புல வாயு பிடிச்ச மாதிரி இருக்கு. தொடையிடுக்கு வரைக்கும் இழுக்கு. ராத்திரி தூங்க முடியல" என்றார். நான் என்னவோ பெரிய வைத்தியன் மாதிரி, "எண்ணெய் தேய்ச்சு நல்லா நடங்க, சரியாப் போயிரும்" என்றேன். அவரும் எண்ணெய் தேய்த்தார், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார், மறுபடி கடலுக்குப் போனார். எட்டு மாதத்தில் நொண்ட ஆரம்பித்துவிட்டார்.

1961-இல் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அந்தக் குளியாட்கள் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். மூச்சடக்கிக் குளிப்பவர்களுக்கு நான் சொல்லப்போகும் கோளாறு அரிது. இப்போது படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியே காற்று வாங்கி, மணிக்கணக்கில் கீழே இருக்கிறார்கள். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். விறுவிறுவென்று மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்ததுபோல் உள்ளுக்குள் குமிழி கிளம்பும். சிலருக்குச் சில மணி நேரத்திலேயே தோளும் முழங்காலும் பிய்த்தெடுக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், எலும்புக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, இடுப்புப் பந்தோ தோள் பந்தோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லச் செத்துப்போகும்.

இது புதிய கதையல்ல. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, ஆற்றடியில் அழுத்தக் காற்றில் வேலை செய்தவர்கள் மூட்டு வலியில் துடித்தார்கள். பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் அதில் விழுந்தார். படிப்படியாக நின்று நின்று மேலே வரவேண்டும் என்று கணக்குப் போட்டு ஹால்டேன் அட்டவணை வெளியிட்டது 1908-இல்.

நண்பருக்கு முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியுமாம். அது தெரிந்தபோது பந்து உட்கார ஆரம்பித்திருந்தது. "முன்னாடியே வந்திருந்தா, பாரம் ஏத்தாம வெச்சுப் பந்தைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கச் சொன்னவன் நான்தானே.

கடைசியில் மூட்டு மாற்று அறுவை செய்தார்கள். சங்குத் தொழில் அதோடு போயிற்று. இப்போது வலை பின்னுகிறார்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நடக்க நடக்க இளகுகிற வலிக்கு நடையும் பயிற்சியும் நல்லது. ராத்திரி தூங்கவிடாத வலி, காலை ஊன்றவிடாத வலி, காய்ச்சலோடு வீங்கிச் சுடுகிற மூட்டு, இவற்றுக்கு டாக்டரைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகம் தாங்காது.

அவர் என்மேல் கோபப்படவே இல்லை. நேற்றுகூட, "வாங்க அண்ணாச்சி, கடற்கரைப் பக்கம் போயிட்டு வருவோம்" என்று கம்பை ஊன்றி முன்னால் நடந்தார்.