பெருந்தெருவில் ஒரு மாதம்

விரைந்து செல்வதற்கென்றே அமைந்த வீதியில் மெல்லச் செல்வது பேதைமை என்றே பலருக்கும் தோன்றும். பரிசிலிருந்து லியோன் வழியாக மார்செய் துறைமுகத்தை அடையும் பெருந்தெரு 1970 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ‘சூரியப் பெருந்தெரு’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 800 கிலோமீற்றர் நீளமான அத்தெருவைக் காரிற் செல்வோர் ஒரு பகலிற் கடந்துவிடுவர். பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் திராட்சைத் தோட்டங்களும் ரோன் நதிப் பள்ளத்தாக்கும் அவர்களுக்குக் கண்ணாடிக்கு அப்பால் ஓடி மறையும் நிறங்கள் மாத்திரமே.

1982 மே 23 ஆம் திகதி பரிசிலிருந்து அத்தெருவிலே சிவப்பு நிற வொக்ஸ்வாகன் வான் ஒன்று புறப்பட்டது. உறங்கவும் சமைக்கவும் வசதி பொருந்திய வீட்டுவண்டி அது. வாக்னரின் இசைநாடகத்தில் வரும் டிராகனின் பெயரால் அதனைப் ‘பஃப்னர்’ என்றழைத்தனர். அதிற் சென்றோர் ஆர்ஜென்ரீன எழுத்தாளர் ஹூலியோ கோர்த்தாசாரும், அவர் மனைவியும் எழுத்தாளருமான கரோல் டன்லொப்பும் ஆவர். மார்செயை அடையும்வரை பெருந்தெருவை விட்டு ஒருமுறையேனும் இறங்குவதில்லை. வழியிலுள்ள தரிப்பிடங்களில் நாளொன்றுக்கு இரண்டிலே தங்குவது. இரவை எப்பொழுதும் இரண்டாவதிலேயே கழிப்பது. இவை அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியதிகள்.

இந்நியதிகளின்படி அவர்களின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது? காலையுணவு முடிந்ததும் வண்டி புறப்படும். சில நிமிட ஓட்டத்தில் அடுத்த தரிப்பிடம் வந்துவிடும். அன்றைய பயணத்தின் பாதி அதனுடன் முடிந்தது. மடக்கு நாற்காலிகளை மரநிழலில் விரித்து, தட்டச்சுப் பொறியை எடுத்து எழுத அமர்வர். பிற்பகலில் மீண்டும் ஒரு சிறு ஓட்டம்; பின்னர் இரவுத் தங்கல். ஏனையோர் மலசலகூடத்துக்காகப் பத்து நிமிடம் நிற்கும் இடங்களில் இவர்கள் மரங்களையும் பூச்சிகளையும் பாரவண்டிச் சாரதிகளையும் நிதானமாக நோக்கினர். உண்ட உணவு, வெப்பநிலை, பஃப்னர் எத்திசை நோக்கி நின்றது என்பன யாவும் பழங்காலத் தேசாந்திரிகளின் குறிப்பேட்டுப் பாணியிற் பதிவாயின. ஆய்வேடுகளைப் படித்துச் சலித்தோர்க்கு இப்போலி விஞ்ஞானம் பெரிதும் ஆறுதலளிக்கும்!

நாட்டுப்புறத்தைக் காண விரும்புவோர் பெருந்தெருவைத் தவிர்த்துச் சிற்றூர்ப் பாதைகளிற் செல்லவேண்டும் என்பது வீட்டுவண்டிப் பயணிகள் வழக்கமாகக் கூறும் அறிவுரை. அது நியாயமானதே. ஊர்ச் சந்தையையும் வெதுப்பகத்தையும் தேவாலய முற்றத்தையும் இவ்விருவரும் தமது நியதியால் இழந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. வேலிக்கு அப்பாலுள்ள வயலிற் கால்வைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. எனினும், நாளுக்கு ஐந்து ஊர்களைப் பார்த்து எதனையும் நினைவிற்கொள்ளாது திரும்பும் பயணியைக் காட்டிலும், சிறு தோப்பொன்றில் அந்தி சாயும்வரை இருந்தவர்கள் அந்நாட்டு மண்ணைக் குறைவாக அறிந்தனர் என்று கூறவியலாது.

இத்தெரு கோர்த்தாசாருக்குப் புதியதன்று. 1966 இல் வெளியான சிறுகதையொன்றில், பரிசுக்குத் திரும்பும் வாகனங்கள் இதே வழியில் நெரிசலிற் சிக்கி நாட்கணக்கில் நிற்பதை அவர் புனைந்திருந்தார். கதையில் அத்தரிப்பு விதியால் நேர்ந்தது. பதினாறு ஆண்டுகளின் பின்னர் அதனைத் தாமே விரும்பித் தேர்ந்துகொண்டார்.

அத்தேர்வை வெறும் விளையாட்டென ஒதுக்கிவிட இயலாது. 1981 ஓகஸ்டில் அவர் கடும் இரைப்பைக் குருதிப்போக்கினால் மருத்துவமனையிற் கிடந்தவர். கரோலும் உடல்நலங் குன்றியிருந்தார். ஒரு பகலை ஒரு மாதமாக நீட்டியவர்களிடம் நாட்கள் மிகுதியாக இருக்கவில்லை. யூன் 23 ஆம் திகதி வண்டி மார்செயை அடைந்தது. நவம்பர் 2 ஆம் திகதி கரோல் காலமானார், வயது முப்பத்தாறு.

இருவரும் சேர்ந்து எழுதிய நூலைக் கோர்த்தாசார் தனித்திருந்து முடித்தார். 1983 இல் அது வெளிவந்தது. 1984 பெப்ரவரி 12 ஆம் திகதி அவரும் மறைந்து, மொன்பார்னாஸ் மயானத்தில் மனைவியின் கல்லறையிலேயே அடக்கமானார். நூலின் பக்கங்களிடையே தரிப்பிடங்களின் வரைபடங்கள் சில உள்ளன. அவற்றைப் பயணத்தின் பின்னர் வரைந்தவன் கரோலின் மகன்.