வாய் திறந்தவர்கள்

"முஸ்லிம்கள் ஏன் இதைக் கண்டிப்பதில்லை?" 2019 ஏப்ரல் 21 இற்குப் பின்னர் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சிங்களவர் கேட்டனர், தமிழரும் கேட்டனர். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் மட்டுமல்ல, நாள் முழுவதும் செய்திகளோடு புழங்கும் பத்திரிகைக்காரர்களும் கேட்டனர். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 பேருக்கு மேல் மாண்டு கிடந்த வேளையில் அந்தக் கேள்வியில் இருந்த கோபம் இயல்பானதே. ஆனால் கேள்வி பிழையானது. கண்டித்தவர்கள் இருந்தார்கள். குண்டு வெடித்த பின்னர் மட்டுமல்ல, வெடிப்பதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே இருந்தார்கள்.

சஹ்ரான் ஹாஷிம் எத்தகையவர் என்பதைக் கொழும்பு அறிவதற்கு வெகுகாலம் முன்பே காத்தான்குடி அறிந்திருந்தது. சூபி வழியைப் பின்பற்றுவோரை அவர் மேடை போட்டு ஏசினார். 2017 மார்ச் 10 ஆந் திகதி அலியார் சந்தியில் அது இரத்தம் சிந்தும் மோதலாக முடிந்தது. அதன்பின் அவர் தலைமறைவானார். அவரைப் பிடியுங்கள், அவரது கூட்டத்தைத் தடை செய்யுங்கள் என்று அவ்வூர் முஸ்லிம்கள் பதாகை ஏந்தி வீதிக்கு இறங்கினர், முறைப்பாடுகள் எழுதினர். அவர் தொடங்கிய அமைப்பே அவரை விலக்கி வைத்தது. தாக்குதலுக்கு மூன்றாண்டுகள் முன்னரே இராணுவப் புலனாய்வினரிடம் தாம் எச்சரித்திருந்ததாக முஸ்லிம் கவுன்சிலின் உப தலைவர் ஹில்மி அஹமட் பின்னர் பகிரங்கமாகவே கூறினார்.

சஹ்ரான் வெறுப்பைக் கக்கியது தமிழில். அதைக் கேட்டுப் பதைத்தவர்கள் பேசியதும் தமிழில். இந்நாட்டில் தமிழில் சொல்லப்படும் எதுவும் தலைநகருக்குக் கேட்பதில்லை என்பது எம்போன்றோருக்குப் பழகிப்போன விடயம். (தமிழில் எழுதியே காலந்தள்ளிய ஒருவனின் ஆதங்கம் என்று வாசகர்கள் இதைக் கொள்ளலாம்.)

மாவனல்லைக் கதை இன்னும் கொடியது. 2018 டிசம்பரில் அங்கே புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. குற்றவாளிகளைத் தேடிப் பொலிஸாருக்கு உதவியவர் அவ்வூர் முஸ்லிம் ஒருவர். அமைச்சர் ஒருவரின் இணைப்புச் செயலாளர். அந்த விசாரணைதான் 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் புதைத்து வைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள் வரை சென்றது. மார்ச் மாதத்தில், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த அவரது தலையில் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அடுத்த மாதம் தேவாலயங்கள் வெடித்தன. அவருடைய ஊரையும் சமயத்தையும் சேர்ந்தவர்களைப் பார்த்துத்தான் "ஏன் வாய் திறக்கவில்லை" என்று கேட்டோம்.

தன் சமூகத்துத் துப்பாக்கிக்கு எதிராகத் தன் சமூகத்துக்குள்ளிருந்தே பேசுவதன் விலை என்னவென்று தமிழர்களுக்குத் தெரியாதா? 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணத்தில் ராஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டது எதற்காக? 1990 ஓகஸ்ட் 3 இல் இதே காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டபோதும், அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோதும் எத்தனை தமிழ்க் குரல்கள் பகிரங்கமாக எழுந்தன? எழாததற்குக் காரணம் எல்லோரும் அதை ஆதரித்ததல்ல, அச்சம். அந்த நியாயத்தை எமக்கு வைத்துக்கொண்டு மற்றவருக்கு மறுப்பது நேர்மையாகாது.

அச்சத்தையும் மீறியவர்கள் சாய்ந்தமருதிலும் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 26 அன்று, வாடகை வீடொன்றுக்குப் புதிதாக வந்தவர்கள் மீது ஐயங்கொண்டு விசாரிக்கப் போனவர்கள் ஊர்மக்களும் பள்ளிவாசல்காரர்களும்தான். துப்பாக்கியைக் கண்ட பின்னரும் அவர்கள் கதவடைத்துக் கொள்ளவில்லை, தகவல் கொடுத்தார்கள். அன்றிரவு அவ்வீட்டில் குண்டுகள் வெடித்தன. சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் மாண்டனர். ஆறு குழந்தைகளும் மாண்டனர்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அடக்குவது முஸ்லிம் சமூகத்தின் கூட்டுக் கடமை. ஒருவர் செய்தால் எல்லோர் கடனும் தீரும். எவருமே செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். அப்படிப்பட்ட சமயத்தில், குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. நூறு கண்டன அறிக்கைகளை விட இது கனமானது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கி மாண்ட ஒன்பது பேருக்கு அந்நகரின் ஜும்ஆ பள்ளிவாசல் அறக்கட்டளை தன் பெரிய மையவாடியில் இடம் மறுத்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். ஓராண்டுக்கு மேல் அவ்வுடல்கள் பிணவறையில் கிடந்து, 2010 ஜனவரியில் அரசால் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. இங்கோ மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தைத் தாக்கியவனின் எச்சங்களை 2019 ஓகஸ்டில் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் புதைத்துவிட்டார்கள். தமிழ் மக்கள் கொதித்தெழ, பொலிஸார் கண்ணீர்ப்புகை அடிக்க, கடைசியில் நீதிமன்ற உத்தரவின்பேரில் தோண்டி எடுத்தார்கள். சொந்தச் சமூகம் வேண்டாமென்றதை அயல் சமூகத்தின் மண்ணில் இட்டால் யார்தான் பொறுப்பார்?

இவையெல்லாம் 2019 மே 13 ஐத் தடுக்கவில்லை. குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளுக்குத் தீ வைத்தவர்கள், இக்கடைக்காரர் சஹ்ரானைக் கண்டித்தாரா என்று விசாரித்துவிட்டு வைக்கவில்லை.

அதே மாத இறுதியில் கெக்கிராவைக்கு அருகே மடாட்டுகமவில் முஸ்லிம்கள் தம் கைகளாலேயே ஒரு பள்ளிவாசலை இடித்தார்கள். தௌஹீத் ஜமாஅத்தினர் தொழுத இடம் அது. அவ்வூரில் பழைய பள்ளிவாசல் இருக்க, வெளியார் பணத்தில் எழுந்தது. பொலிஸார் திரும்பத் திரும்ப வந்து சோதித்ததால் அயலவரின் சந்தேகம் வளர்ந்துகொண்டே போயிற்று. ஊர் கூடி முடிவெடுத்தது. பலர் இதைத் துணிவு என்று பாராட்டினர். என்னால் பாராட்ட முடியவில்லை. அலியார் சந்தியில் பதாகை பிடித்தவர்கள் தாமாகப் பேசினார்கள். இங்கே சம்மட்டியைத் தூக்க வைத்தது சுற்றியிருந்த எங்கள் எல்லோரினதும் பார்வை. எவர் நிர்வகித்தாலும் பள்ளிவாசல் இறைவனுக்குரியது, இடிப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று உலமா சபை சொல்லிற்று. ஆனால் இடித்த பின்னர் சிங்களவரும் தமிழரும் முன்னரை விடத் தங்களோடு பழகத் தொடங்கியதாகப் பழைய பள்ளிவாசலின் நிர்வாகி ஒருவர் பிபிசியிடம் கூறினார்.